வெயில் வந்தால் நெல், மழை வந்தால் பந்து

தனகோடிக்குக் கை நீளம். கேட்டதும் பர்ஸைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், நிஜமாகவே முழங்காலைத் தொடப் பார்க்கிற கை. வாய் அதைவிட நீளம். கை அவனுக்குச் சோறு போட்டது. வாய் அவ்வப்போது அந்தச் சோற்றில் மண்ணை அள்ளிப் போடப் பார்த்தது.

ஆரணியில் பட்டுத் தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவன். தறியில் உட்காரப் பொறுமை இல்லை, படிப்பில் உட்கார அதுவும் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்குப் பாடம் இரண்டு தடவை கைவிட்டதும், 1972-ல் மதராஸுக்கு பஸ் ஏறி, மோட்டார் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் அப்ரன்டிஸாகச் சேர்ந்தான். அந்தக் கம்பெனியின் பெரிய மேனேஜர் ஜெர்மனிக்குப் போய் வந்தவர். ஜெர்மனி போனவர்கள் டேப் ரெக்கார்டர் வாங்கி வருவார்கள். இவர் ஒரு விளையாட்டை வாங்கி வந்தார்.

அதற்குப் பெயர் ஹேண்ட்பால். பக்கத்துக்கு ஏழு பேர். ஃபுட்பாலுக்கு இருப்பது போலக் கோல், ஆனால் பந்தைக் கையால் எறிய வேண்டும். கோலுக்கு முன்னால் ஆறு மீட்டரில் வளைவாக ஒரு கோடு. அதற்குள் கோல்கீப்பரைத் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது. கோட்டுக்கு வெளியிலிருந்து எம்பி, கால் தரையைத் தொடுவதற்குள் பந்தை எறிந்துவிட்டால் மட்டும் செல்லும். அந்த விதியைத் தனகோடிக்காகவே யாரோ எழுதி வைத்திருந்தார்கள் போல. மூன்று எட்டு ஓடி அவன் எம்பினால், மேலே கொஞ்ச நேரம் தங்கி, நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் இறங்குவான். அதற்குள் பந்து வலைக்குள் போய் உட்கார்ந்திருக்கும். ஆறே மாதத்தில் கம்பெனி டீமில் சேர்ந்தான். அடுத்த வருஷம் வேலையும் நிரந்தரமானது. காலையில் இரண்டு மணி நேரம் மிஷின், மற்ற நேரமெல்லாம் பந்து, மாசக் கடைசியில் சம்பளம்.

ஊருக்கு வரும்போதெல்லாம் இதை விளக்குவதற்குள் அவனுக்குத் தாவு தீர்ந்துவிடும்.

“ஹேண்ட்பால்” என்பான்.

“வாலிபாலா?” என்பார்கள்.

“இல்லண்ணா, கோல் கீது. அதுல கையால எறியணும்.”

“கையால எறிஞ்சா ஈசியா பூந்துடுமே. இதுக்கு இன்னாத்துக்குடா சம்பளம் குடுக்கறான்?”

இப்படிக் கேட்டது வேறு யாருமில்லை, கூடப் பிறந்த அண்ணன்.

கல்யாணப் பேச்சில் ‘மாப்பிள்ளை மோட்டார் கம்பெனி’ என்று மட்டும் சொல்லி முடித்தார்கள். பந்து சமாசாரம் தாலி ஏறிய பிறகுதான் ஜெயத்துக்குத் தெரிந்தது. அவள் கோபப்படவில்லை. “எங்கப்பா மாதிரி தறிக்குழியில கால விட்டுகினு உக்காராம, மேல பறந்துகினு சம்பாரிக்கிறாரே, நல்லதுதான்” என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னாள்.

பறந்தவன் ஒருநாள் சரியாக இறங்கவில்லை. 1983-ல் வடக்கே ஓர் ஊரில் அரையிறுதி ஆட்டம். எம்பினான், எறிந்தான், கோல் விழுந்தது, அவனும் விழுந்தான். இடது முழங்காலில் ஏதோ அறுந்த சத்தம், மைதானத்தின் மறுகோடியில் நின்ற கோல்கீப்பர் சிவப்பிரகாசத்துக்கே கேட்டதாம். டாக்டர் பார்த்துவிட்டு, படி ஏறலாம், சைக்கிள் மிதிக்கலாம், இனிமேல் எம்பக் கூடாது என்றார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து தனகோடி விக்கி விக்கி அழுதான். பக்கத்தில் உட்கார்ந்து சிவாவும் அழுதான். பதினோரு வருஷமாக ஒரே டீம், ஒரே ரூம், ஒரே சோப்பு. தினமும் காலையில் தனகோடி எறிவான், சிவா பிடிப்பான். சிவாவுக்கும் வயது முப்பத்திமூன்றைத் தாண்டிவிட்டது. பந்து வருவதற்கும் அவன் பார்ப்பதற்கும் நடுவில் கொஞ்சம் தாமதம் விழுந்துகொண்டிருந்தது.

மறு வருஷம் கம்பெனியின் விளையாட்டு அதிகாரி கந்தசாமி இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“கோச் போஸ்ட் ஒண்ணுதான் சாங்ஷன் ஆகியிருக்கு. நீங்க ரெண்டு பேர் இருக்கீங்க. ஒருத்தர் கோச், இன்னொருத்தர் ஸ்டோர்ஸ்.”

ஸ்டோர்ஸ் என்றால் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து நட்டு, போல்ட்டுக்கெல்லாம் சீட்டு எழுதுகிற வேலை. சம்பளத்தில் ஒரு பைசா குறையாது. ஆனால் அங்கே ஜன்னல் கிடையாது, மைதானத்தின் சத்தம்கூட வராது. தனகோடிக்கு அதை நினைத்தாலே மூச்சு முட்டியது. பந்தைத் தொடாமல் இன்னும் இருபத்தேழு வருஷம் எப்படி ஓட்டுவது?

இந்த இடத்தில் அவன் சும்மா இருந்திருக்கலாம். சிவா சும்மாதான் இருந்தான்.

“சார், கோச்சுன்னா டீம் பண்ணிக் காட்டணும் சார். ரெடிமேட் டீம யாரு வேணா மேய்க்கலாம். எந்த ஊர்ல எவன வேணா குடுங்க, ஆறு மாசத்துல டீம் பண்றேன். நம்ம ஜூனியர் டீமையே ஜெயிச்சிக் காட்டறேன்!”

கந்தசாமி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார்.

“எந்த ஊர்ல வேணும்னாலுமா?”

“எந்த ஊர்ல வேணாலும் சார்.”

“உன் ஊர் ஆரணிதானே? அங்கேயே பண்ணு. ஸ்பெஷல் லீவு தர்றேன். சிவா நம்ம ஜூனியரப் பாத்துக்கட்டும். மார்ச்ல வேலூர்ல டோர்னமென்ட் இருக்கு, ரெண்டு டீமும் ஆடட்டும். யாரு ஜெயிக்கிறாங்களோ அவங்க கோச்.”

வெளியே வந்ததும் சிவா தலையில் அடித்துக்கொண்டான். “வாய வச்சிகினு சும்மா கீறதுக்கு உனக்கு இன்னாடா கஷ்டம்?”

அப்படியாக 1984 ஆவணி மாதத்தில் இரண்டு தோல் பந்து, ஒரு விசில், ஒரு விதிப் புத்தகம், ஒன்றரை முழங்கால் இவற்றோடு தனகோடி ஆரணியில் வந்து இறங்கினான்.

முதலில் இடம். நாற்பது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம், கெட்டித் தரை வேண்டும். பள்ளிக்கூட மைதானம் ஃபுட்பாலுக்கே போதவில்லை. கமண்டல நாகநதியின் மணலில் பந்தைத் தட்டினால் அது அங்கேயே படுத்துக்கொண்டது. ஆரணியில் அவ்வளவு பெரிய சமதளம் ஒரே வகை ஆட்களிடம்தான் இருந்தது, அரிசி ஆலைக்காரர்களிடம். நெல்லை அவித்துக் காயப்போடுகிற சிமென்ட் களம். முள்ளிப்பட்டு போகிற வழியில் ராஜவேலு ஆலையின் களத்தைப் பார்த்ததும் தனகோடிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஜெர்மனியில்கூட இவ்வளவு சீரான தரை இருக்காது என்று நினைத்தான். ஜெர்மனியை அவன் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

“களத்துல நெல்லு கீதேப்பா” என்றார் ராஜவேலு.

“நெல்லு இல்லாத நேரமா பாத்து ஆடிக்கிறோம், மொதலாளி.”

“நெல்லு இல்லாத நேரம் எது? மழ நேரம். வெயில் வந்தா நெல்லு, மழ வந்தா பந்து. இஷ்டம்னா ஆடு.”

அடுத்தது ஆள். அங்கேயும் அதே கணக்குத்தான் வந்து நின்றது. தறிக்காரர்களுக்குப் புடவைக்கு இவ்வளவு என்று கூலி. வெளிச்சம் இருக்கிற வரைக்கும் தறியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். மழை பிடித்தால் தறிக்குழியில் தண்ணீர் ஊறும், பட்டு நூல் நமுத்துப் போகும், வேலை நின்றுவிடும். ஆலையில் மூட்டை தூக்குகிறவர்களும் களத்தில் நெல் தள்ளுகிறவர்களும் வெயிலில் நிமிர மாட்டார்கள், மழையில் சும்மா உட்கார்ந்து சீட்டு விளையாடுவார்கள். களமும் காலி, தறிக்காரனும் காலி, மூட்டைக்காரனும் காலி என்றால் அது மழை பெய்கிற நேரம் ஒன்றுதான். மேலே இருக்கிறவன் பார்த்துக் கால்ஷீட் போட்டுக் கொடுத்த மாதிரி அமைந்துவிட்டது.

முள்ளிப்பட்டிலிருந்து நாலு தறிக்காரர்கள் வந்தார்கள். அதில் ஜெகநாதன் என்பவன் குச்சி மாதிரி இருந்தாலும் கையில் மின்சாரம். ஆலையிலிருந்து ஐந்து பேர். அதில் சந்தவாசல் பக்கத்து வீரன் என்பவன், ஒரு மூட்டையைத் தூக்கி, மூட்டை அடுக்கிய அட்டியலின் எட்டாவது வரிசைக்கு விட்டெறிகிறவன். ஹேண்ட்பால் மேல் எவனுக்கும் ஆசை கிடையாது. ஜெயம் ஒரு தூக்கு நிறையச் சுடச்சுடச் சுண்டல் அனுப்புவாள் என்ற சேதிதான் அவர்களைக் களத்துக்கு இழுத்தது.

சவுக்குக் கம்பு நட்டுக் கோல் கட்டினார்கள். கிழிந்த கோணியைத் தைத்து வலையாகத் தொங்கவிட்டார்கள். மழை வந்தது, ஆட்டம் தொடங்கியது.

தோல் பந்து தண்ணீர் குடித்துப் பூசணிக்காய் கனம் கனத்தது. தரையில் தட்டினால் எழும்பாமல் ‘பச்’ என்று தேங்கின தண்ணீரில் உட்கார்ந்துகொண்டது. இரண்டு நாளில் எல்லாரும் தட்டுவதை விட்டுவிட்டார்கள், கைக்குக் கை மாற்றிக்கொண்டே ஓடினார்கள். பந்து வழுக்கியது. அதனால் கைக்கு வந்ததும் வயிற்றில் பனியனோடு வைத்து ஒரு தேய்ப்பு, உடனே எறிதல் என்று பழகினார்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் பந்து பின்பக்கமாக நழுவியது. ஜெகநாதன் ஒரு தடவை முழு வேகத்தில் ஓங்கி எறிய, பந்து முன்னால் போகாமல் பின்னால் போய் ராஜவேலுவின் குடையில் விழுந்தது. அன்றிலிருந்து யாரும் கையைத் தூக்கவில்லை. தேய்த்த இடத்திலிருந்து, இடுப்பு உயரத்தில் அப்படியே விட்டெறிந்தார்கள்.

தனகோடிக்கு இதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. அவன் ஆட்டம் பார்க்க அழகான ஆட்டம். ஏணி வைத்த மாதிரி மேலே போய் எறிகிற ஆட்டம். இவர்கள் கூன் விழுந்தவர்கள் மாதிரி குனிந்துகொண்டு, சறுக்கிக்கொண்டு, வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை இறைத்துக்கொண்டிருப்பவர்கள் மாதிரி ஆடினார்கள்.

“தொடைக்காத! தொடைக்காதடா! வயித்துல இன்னா புள்ளையா கீது, தடவிக் குடுத்துகினே கீற?”

“வழுக்குதுண்ணா.”

“எம்பு! எம்பி எறி!”

வீரன் மரியாதைக்காக ஒரு தடவை எம்பினான். எம்பியது நன்றாகத்தான் இருந்தது. இறங்கும்போது கால் வழுக்கி, மல்லாந்து விழுந்து, பந்தைக் கட்டிக்கொண்டே தண்ணீரில் சறுக்கி, கோணி வலையையும் கம்பையும் இழுத்துக்கொண்டு களத்தின் ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தான்.

கொட்டகையிலிருந்து ராஜவேலு அலறினார். “மூட்ட தூக்கற ஆளுப்பா அவன்! இடுப்பு ஒடஞ்சா நீ வந்து தூக்குவியா?”

அதற்குப் பிறகு களத்தில் எம்புவதற்குத் தடை. தனகோடி விடவில்லை. குடோனுக்குள் கூட்டிப்போய், நெல் மூட்டைகளின் மேலிருந்து குதிக்க வைத்து, கையை எங்கே வைப்பது, இடுப்பை எப்படித் திருப்புவது, எந்த நொடியில் பந்தை விடுவது என்று சொல்லிக்கொடுத்தான். அவர்களும் பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி செய்து காட்டினார்கள். தன் ஷாட் இன்னொருத்தன் உடம்பில் வருவதைப் பார்க்க அவனுக்கு அவ்வளவு ஆசை. அது வந்துவிட்டால் முழங்கால் போனதுகூடப் பெரிசில்லை என்று நினைத்தான்.

கார்த்திகையோடு மழை நின்றது. மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. களம் முழுக்க நெல். தறியெல்லாம் ஓடியது, முகூர்த்த சீசன் வேறு. அமாவாசையன்று தறிக்கு லீவு என்பதால் நாலு தறிக்காரர்கள் ஆற்று மணலுக்கு வருவார்கள், அன்றைக்கு ஆலைக்காரர்களுக்கு வேலை இருக்கும். ஊரே மழை விட்டதற்குச் சந்தோஷப்பட்டபோது, ஒரு பாவி மட்டும் தினம் காலையில் வாசலில் நின்று மேகம் தேடினான்.

“இன்னாங்க, வேலூர்ல அன்னிக்கி மழ பெய்யுமா?” என்று ஜெயம் கேட்டாள்.

“மார்ச்ல வேலூர்லயா? வேர்வ வேணா பெய்யும்.”

ஆக, போட்டிக்குக் கிளம்பிய அன்று, அந்த டீமின் ஏழு பேர் ஒன்றாகச் சேர்ந்து வெயிலில் ஒரு நிமிஷம்கூட ஆடியதில்லை. இப்படி ஒரு டீம் உலகத்தில் வேறெங்கும் இருந்திருக்காது.

வேலூர் வெயிலைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிமென்ட் கோர்ட்டில் அப்பளம் பொரிக்கலாம். பந்து காய்ந்து, உயிர் வந்தது போலத் துள்ளியது. வீரன் அதைத் தட்டிப் பார்த்தான், அது மூக்கு வரைக்கும் எழும்பியதும் பயந்து பின்வாங்கினான். எதிரே சிவாவின் டீம், ஒரே நிற பனியனில், வரிசையாக நின்றது. கம்பெனிப் பையன்கள், இரண்டு வருஷமாகத் தினமும் ஆடுகிறவர்கள். பந்தலில் கந்தசாமி நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“எம்பி எறி! இங்க வழுக்காது, எம்பு!” என்று தனகோடி முதல் நிமிஷத்திலிருந்தே கத்தினான்.

எம்பினார்கள். தனகோடி சொல்லிக்கொடுத்த மாதிரியே கையை வைத்து, இடுப்பைத் திருப்பி, எறிந்தார்கள். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. காரணம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. தனகோடி எறியும் ஷாட்டைப் பதினோரு வருஷம் தினமும் காலையில் பிடித்தவன் சிவா. தோள் திரும்புகிற திசையைப் பார்த்தே, “எடது மூல” என்பான், கோல்கீப்பர் பையன் இடது மூலைக்குப் போவான், பந்து அங்கேதான் வரும். பாதி நேரத்தில் 3–10. அந்த மூன்றும் வீரன் மறந்துபோய்ப் பந்தை வயிற்றில் தேய்த்து எறிந்ததில் விழுந்தவை. அதற்கும் தனகோடி அவனைத் திட்டியிருந்தான்.

இடைவேளையில் தண்ணீர்ப் பானையிடம் சிவா வந்தான்.

“இன்னாடா, அதே ஷாட்டா? நீ எறியறத நான் கண்ண மூடிகினு புடிப்பேன், தெரியாதா உனுக்கு?” என்று சிரித்தான். சிரிப்பில் வஞ்சம் இல்லை. அதனால்தான் அது நேராக உள்ளே இறங்கியது.

ஏழு பேரும் நிழலில் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். வீரன்தான் மெதுவாகப் பேசினான்.

“அண்ணா, மேல போயி ஆட எங்களுக்கு வரல. கீழயே ஆடிக்கட்டா?”

“மழ பேஞ்சிகினு கீதுன்னு நெனச்சிகினு ஆடறோம்ணா” என்றான் ஜெகநாதன். “அதான் எங்களுக்குத் தெரிஞ்ச ஆட்டம்.”

தனகோடி பதில் சொல்ல வாயைத் திறந்தான். ஸ்டோர்ஸின் தகரக் கொட்டகை கண்முன்னால் வந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக வந்தது வேறொன்று. இனி அவனால் எம்ப முடியாது. இவர்களும் எம்பாவிட்டால் அந்த ஷாட் அவனோடு போயிற்று. பன்னிரண்டு வருஷம் சேர்த்து வைத்த ஒரே சொத்து அது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. முழங்கால் அறுந்த அன்று வலித்ததைவிட இது வலித்தது.

“ஆடுங்க” என்றான். “நான் ஒண்ணும் சொல்லல.”

அதற்கப்புறம் நடந்ததை வேலூர்க்காரர்கள் ரொம்ப நாள் பேசினார்கள். உச்சி வெயிலில், ஒரு சொட்டு ஈரம் இல்லாத கோர்ட்டில், ஏழு பேர் கொட்டுகிற மழையில் ஆடுவது போல ஆடினார்கள். தோளைக் குறுக்கிக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இல்லாத தண்ணீரில் சறுக்கிச் சறுக்கி ஓடினார்கள். பந்தை ஒருவனும் தரையில் தட்டவில்லை. கைக்கு வந்ததும் வயிற்றில் ஒரு தேய்ப்பு. கூட்டம் சிரித்தது. வேர்க்கடலை விற்கிறவன் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டான்.

சிவாவின் பையன்கள் மேலிருந்து வரும் பந்தைத் தடுக்க இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்கள். எதிரில் இருப்பவன் பந்தைத் துடைக்கிறான், எறிய இன்னும் நேரம் இருக்கிறது என்று அவர்கள் நினைத்த நொடியில், துடைத்த கையிலிருந்தே பந்து கிளம்பி, அவர்களுடைய அக்குளுக்குக் கீழேயும் காலிடுக்கிலும் புகுந்து வந்தது. கோல்கீப்பருக்குப் பந்து கண்ணில் பட்டபோது அது வலையில் இருந்தது. சிவா எழுந்து நின்று, “எடது...” என்று ஆரம்பிப்பான், முடிக்க மாட்டான். தோள் திரும்பினால்தானே சொல்ல முடியும்.

6–10. 9–11. 12–13.

தனகோடி மூன்று தடவை கத்த எழுந்தான், மூன்று தடவையும் உட்கார்ந்தான். கடைசியில் துண்டை எடுத்து வாயில் கடித்துக்கொண்டான். ஜெகநாதன் எறிந்ததில் 13–13. கடைசி நிமிஷத்தில் சிவா, “கையக் கீழ வைங்கடா!” என்று கத்தினான். பையன்கள் எல்லாரும் குனிந்து காலிடுக்கை அடைத்தார்கள். பந்து வீரனிடம் இருந்தது. தேய்த்தான். எறிவான் என்று எல்லாரும் அவன் மேலேயே விழ, அவன் பார்க்காமலே பக்கத்தில் தள்ளினான். அங்கே ஜெகநாதன் தனியாக நின்றிருந்தான். அவனும் சாவகாசமாக ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் எறிந்தான்.

14–13. விசில் ஒலித்தது.

வெளியே உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் சேர்த்து ஒன்பது பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து உருண்டார்கள். தனகோடி வாயிலிருந்து துண்டை எடுக்க மறந்து நின்றான். கந்தசாமி பந்தலிலிருந்து இறங்கி நேராக அவனிடம் வந்தார்.

“அந்தத் துடைச்சு எறியறது நான் எங்கேயும் பார்த்ததில்ல. எங்கே பிடிச்சே? உன் ஐடியாவா?”

ஆமாம் சார் என்று சொன்னால் தீர்ந்தது. அவனுடைய வாய்க்கு அது ஒன்றும் பெரிய வேலை இல்லை, அதைவிடப் பெரிசெல்லாம் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த ஏழு பேர் இரண்டடி தூரத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“இல்ல சார். அவங்களா மழையில கத்துகினது. நான் வேணாம் வேணாம்னு ஆறு மாசமா திட்டிகினு இருந்தேன்.”

“அப்போ நீ என்னதான் பண்ணினே?”

“செகண்ட் ஹாஃப்ல வாய மூடிகினு உக்காந்திருந்தேன் சார்.”

கந்தசாமி அவனையும், அவன் கையிலிருந்த துண்டில் பதிந்திருந்த பல்லின் தடத்தையும் பார்த்தார்.

“பன்னிரண்டு வருஷமா உன்னைத் தெரியும். அது லேசான வேலை இல்லைதான். திங்கட்கிழமை வந்து ஆர்டரை வாங்கிக்கோ.”

சந்தோஷம் உச்சந்தலைக்கு ஏறியது. ஏறிய வேகத்தில் பாதியில் நின்றது, ஏனென்றால் சிவா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவனை நோக்கி வந்துகொண்டிருந்தான். ஒருவன் கோச் ஆனால் மற்றவன் ஸ்டோர்ஸ். ஆறு மாதமாக அந்த இன்னொருவன் யார் என்று தனகோடி யோசித்துப் பார்க்கவே இல்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

“சிவா...”

“ஸ்டோர்ஸ்ல ஃபேன் கீதாடா?”

“ரெண்டு கீது.”

“அப்ப சரி.” சிவா பையைக் கீழே வைத்தான். அவன் கண் தனகோடி மேல் இல்லை. “யாருப்பா அது, வீரனா? ஜல்தி வா இங்க. அந்தத் தொடச்சி எறியறத எனக்கு ஒண்ணு போடு. பந்து எங்கேருந்து வருதுன்னே தெரியல, பேஜாராப் போச்சு எனக்கு.”

இஸ்திரி போட்ட பேன்ட்டோடு போய்க் கோலில் நின்றான். வீரன் கூச்சத்தோடு எறிந்தான். காலிடுக்கில் புகுந்து போனது.

“எப்படி எறிஞ்ச? மணிக்கட்டா, முழங்கையா?”

“முழங்கைதான் சார். வயித்த ஒட்டிகினு வரணும்.”

“இன்னொண்ணு போடு.”

அதுவும் போனது. “பந்த விடறப்போ எங்க பாக்குற?” என்று கேட்டான். இன்னொன்று. “காலு எந்தப் பக்கம்?” என்று கேட்டான். ஆறாவதைச் சிவா முழங்காலை மடக்கிக் கீழே விழுந்து தடுத்தான், பேன்ட் கிழிந்தது, இருபது வயதுப் பையன் மாதிரி கத்தினான். அவனோடு வீரனும் கத்தினான்.

தனகோடி பார்த்துக்கொண்டே நின்றான். கோச் வேலை கைவிட்டுப் போன ஐந்தாவது நிமிஷத்தில், தன்னைத் தோற்கடித்த மூட்டைக்காரனிடம் எப்படி, எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறான் சிவா. ஆறு மாதம் கூடவே இருந்தும் தனகோடி அவர்களை ஒரு கேள்வியும் கேட்டதில்லை. எம்பு என்பான், தொடைக்காதே என்பான், அவ்வளவுதான். கோச் வேலைக்குச் சரியான ஆள் எவன் என்று அந்த நேரத்தில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. ஆர்டர் தன் பேரில்தான் வரப்போகிறது என்பதும் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு அவன் பெரிய மனுஷனும் இல்லை.

நடந்து போய் வீரன் பக்கத்தில் நின்றான்.

“வீரா, எனக்கும் ஒரு தரம் காட்டுப்பா. எப்படி எறியற?”

“நானாண்ணா? உங்களுக்கா?”

“ஆமாம்ப்பா. எனக்குத் தெரியாது.”

வீரன் சிவாவைப் பார்த்தான், ஜெகநாதனைப் பார்த்தான், பிறகு பந்தைத் தனகோடியின் கையில் கொடுத்தான். “வயித்தோட வச்சி ஒரு தேய்ங்கண்ணா. ம்ம். அப்பிடியே விடுங்க... கையத் தூக்காதீங்க!”

தூக்கித்தான் அவனுக்குப் பழக்கம். மறுபடி எறிந்தான், மறுபடி கை மேலே போனது, வீரன் மறுபடி அதட்டினான். ஐந்தாவது தடவைதான் கை கீழேயே நின்றது. அதற்குள் ஆரணி பஸ் போய்விட்டது.